வாக்கில்லாதவர்களின் மானியக் கோரிக்கை

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி அடுத்தடுத்து இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. மருந்து தயாரான இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு இருப்பதைக் கண்டறிந்து சொன்னது தமிழ்நாடு அரசின் ஆய்வுக்கூடம். அந்தப் பெருமையோடு பேச்சை முடித்துக்கொள்ள முடியாது. ஆலைக்கு உரிமம் கொடுத்ததும், அவ்வப்போது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டியதும் இதே மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான். பார்க்கத் தவறியதாக மூத்த ஆய்வாளர்கள் இருவர் பின்னர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். இங்கே நடக்காமல் போன ஆய்வு அங்கே பிள்ளைகளின் உயிரில் போய் முடிந்தது.

குழந்தைகளின் உடல்நலம் என்றதும் டெல்லியைப் பார்ப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. போலியோ சொட்டு மருந்து, தடுப்பூசி அட்டவணை, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் எல்லாம் அங்கிருந்து வருவதால் வந்த பழக்கம். ஆனால் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஊசியை ஊரிலேயே போடுவதா, தாயை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்வதா. முட்டை வாரத்துக்கு எத்தனை. அங்கன்வாடியில் காலியாக இருக்கும் இடத்தை நிரப்புவதா, பக்கத்து ஊர் ஊழியரிடம் கூடுதல் பொறுப்பாகத் தள்ளிவிடுவதா: இதெல்லாம் சென்னையில் முடிவாகிறது. கேட்க வேண்டிய இடமும் சென்னைதான்.

யார் கேட்பது என்பதில்தான் சிக்கல். குழந்தைக்கு வாக்கில்லை, சங்கமில்லை. அதற்காகப் பேச வேண்டிய தாய்க்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோட்டைக்கு வர வழியில்லை. வேறு யாராவதுதான் பேசியாக வேண்டும். இந்த மாநிலத்தில் நூறாண்டுகளாக யார் பேசினார்கள், எது பலித்தது, எது இன்னும் பலிக்கவில்லை என்று பார்க்கிறது இந்தக் கட்டுரை. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் படுகிற குழந்தைக்காகக் கேட்டதில் பெரும்பகுதி இங்கே கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூட வரிசையில் தட்டோடு நிற்கும் குழந்தையை எல்லாக் கட்சிக்கும் தெரியும். வீட்டுக்குள் தூளியில் கிடக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையை எந்தக் கட்சிக்கும் தெரியாது.

ஓரணாவும் ஒரு பிரிவும்

1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் ஆகக் கூடாது என்பது நிபந்தனை. வருகை கூடியது, வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் போனது. 1925இல் நின்றும் போனது. தொடக்கக் கல்விக்கான பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவிட அரசு இசையவில்லை. திட்டத்தால் பயன் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை; எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் கேட்டார்கள். நிதித் துறையோடு மல்லுக்கட்டியவர்கள் எவரும் இதைப் பழங்கதை என்று சொல்லமாட்டார்கள்.

அதே பத்தாண்டில் சட்டசபைக்குள்ளிருந்து பேசியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்றும் தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடியவர் என்றும் பாடப்புத்தகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர் கொண்டுவந்த மற்றொரு தீர்மானம் அதிகம் பேசப்படுவதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவர் கேட்டது ஒரு மருத்துவமனை. கிடைத்தது மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவு. எழும்பூரில் குழந்தைகள் நல நிறுவனம் உருவானது 1968இல். பள்ளி மாணவர் மருத்துவப் பரிசோதனை மாநிலம் தழுவிய 'வாழ்வொளி'த் திட்டமாக வந்தபோது தொண்ணூறுகள் முடியப் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் எழுப்பிய கோரிக்கை நிறைவேற அவர் ஆயுள் போதாமல் போகலாம். ஆனாலும் கோரிக்கை அவைக் குறிப்பில் ஏறியிருந்தால், பின்னால் வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஓர் இயக்குநரகம், நோய்த் தடுப்புக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் தனியாக ஓர் இயக்குநரகம் என்ற ஏற்பாடும் இந்த மாநிலத்தில் நிலைத்தது. கிராம சுகாதார செவிலியருக்கு மேலே மாவட்டத்திலும் சென்னையிலும் அவர் பதிவேட்டைப் படிப்பதற்கென்றே அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். பல வட மாநிலங்களில் இது கிடையாது. இதன் அருமை பின்னால் வரும்.

தட்டும் தராசும்

காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது அது பெரும்பாலும் ஊரார் கையை நம்பிய ஏற்பாடு. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி நன்கொடை திரட்டினார். அரசின் மானியம் அதன் பின்னால் வந்தது. மக்கள் முதலில் தங்கள் பங்கைப் போட்டுவிட்டு அரசை இழுத்து உள்ளே கொண்டுவருவது ஒரு வகை வாதாட்டம். அமைச்சரவைக்குள் எதிர்ப்பு இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் வேறு வகை. வல்லுநர் குழு அறிக்கை எதையும் அடிப்படையாகக் கொண்டு அது பிறக்கவில்லை. சிறுவயதில் தாம் பட்ட பசியை அவர் காரணமாகச் சொன்னார். முதலில் கிராமப்புறத்தில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு. 1984இல் பதினைந்து வயது வரை. இவ்வளவு செலவை மாநிலம் தாங்குமா என்ற கேள்வி அப்போது பலமாகவே எழுந்தது.

அந்த நேரத்தில் இதே மாநிலத்தில் முற்றிலும் வேறொரு தத்துவத்தோடு இன்னொரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் எடை போடுவார். உத்தரத்தில் தராசு தொங்கும். குழந்தையைத் துணித் தொட்டியில் உட்கார வைத்ததும் அது வீறிட்டுக் கால்களை உதறும், முள் நிற்காமல் ஆடும். தாய் ஏதாவது காட்டிச் சமாதானப்படுத்திய ஒரு நொடியில் எடையைப் பார்த்து வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். போன மாதப் புள்ளியோடு இதைச் சேர்த்தால் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தெரிந்துவிடும். கோடு படுத்தால் அந்தக் குழந்தைக்கு மட்டும் தினமும் ஒரு சத்து லட்டு, 90 நாளைக்கு. தேறிவிட்டால் லட்டு நிற்கும், கவனிப்பு தொடரும். திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டக் குறைவு கணிசமாகக் குறைந்தது. பல நாடுகளின் ஊட்டச்சத்து நிபுணர்கள் இதைப் படித்துப் பாடம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று எல்லோருக்கும் சோறு. மற்றது தேவைப்பட்ட குழந்தைக்கு மட்டும் லட்டு. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இரண்டாவதைப் பிடித்தது, வாக்காளர்களுக்கு முதலாவதை. எது சரி என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. என்னைக் கேட்டால் இரண்டும் அதனதன் வயதுக்குச் சரி. பள்ளி வயதில் பசியைத் தரம் பிரித்து 'நீ சாப்பிடு, நீ சாப்பிடாதே' என்பது கொடுமை. ஆனால் குழந்தையின் வளர்ச்சி கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள். அங்கே சோற்றைவிட மாதாந்திரக் கவனிப்புதான் முக்கியம். நடந்தது என்ன? ஊட்டச்சத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1997இல் முடிந்து, அங்கன்வாடி அமைப்போடு அது கரைந்தது. எடை போடுவது இன்றும் நடக்கிறது. கோடு படுத்த அன்றே அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச ஆளும் நேரமும் இருந்த அந்தப் பழைய முனைப்பு அங்கன்வாடி ஊழியரின் எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் தேய்ந்துவிட்டது. அதற்காக எந்தக் கட்சியும் குரல் கொடுக்கவில்லை.

சோற்றுக்கோ போட்டி போட்டுக்கொண்டு குரல் கொடுத்தார்கள். முட்டையின் வரலாறு ஒன்று போதும். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, படிப்படியாக வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என ஏறி 2010இல் ஐந்து நாளும் முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம் வந்தது. முந்தைய ஆட்சியின் திட்டத்தை முடக்குவதில் சளைக்காத இரு கட்சிகளும் தட்டில் மட்டும் கை வைக்கவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்று கூட்டித்தான் கொடுத்தன. முட்டை கொடுக்கலாமா என்று சில மாநிலங்களில் இன்னும் சண்டை நடக்கிறது. இங்கே அந்தச் சண்டையை ஒரு வாழைப்பழம் தீர்த்துவைத்தது.

2001 நவம்பர் 28 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. முடியாது என்று சொன்ன மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது. ஒரு மாநிலத்தில் வென்றெடுத்தது நாடு முழுமைக்கும் வாதமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதே திட்டத்தின் நிழலையும் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். சத்துணவுக்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. உணவுக்கு அரசாணை இருந்தது. அது வேகிற இடத்தைப் பற்றிய அக்கறை பிணங்களுக்குப் பிறகு வந்தது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த வரிசையில் கடைசி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கென்று தொடங்கியது; 2023 ஆகஸ்ட் 25 முதல் 31,008 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது; பின்னர் ஊரகத்திலும் நகரத்திலும் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் விடியும் முன்னே வந்து ரவா உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ வைத்து, முதல் மணி அடிப்பதற்குள் பரிமாறி முடிக்கிறார்கள். தியாகராயரின் சிற்றுண்டி நூறாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை அதற்கென்று செலவுக் கணக்கும் அரசாணையும் இருக்கின்றன.

பதிவேடு பேசியபோது

உணவு வேண்டும் என்பதை யாரும் எதிர்க்கமாட்டார்கள். எல்லோரும் மூடி மறைக்கிற ஒன்றைப் பற்றி அரசைப் பேச வைப்பது எப்படி?

1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அதிர்ச்சி பரவியது, மறுப்புகளும் வந்தன. ஆறாண்டு கழித்து, 1992இல், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 'கொல்லாதே, எங்களிடம் கொடு' என்று அரசே தொட்டில் வைத்தது. பல உயிர்கள் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. பெண் பிள்ளையைக் கைவிடுவதற்கு அரசே வழி செய்து கொடுக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் சொன்ன குறையிலும் நியாயம் இருந்தது.

உண்மையான திருப்பம் அதற்குப் பிறகு, சத்தமில்லாமல் வந்தது. கிராம சுகாதார செவிலியர் தம் பகுதியின் ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு சிசு மரணத்தையும் பதிவேட்டில் எழுதுகிறவர். ஊருக்கு அவர் 'நர்ஸம்மா'. எந்த வீட்டில் யார் எத்தனை மாதம் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் மூன்றாம் நாள் குழந்தை 'மூச்சுத் திணறி' இறந்தால் அதன் பொருளும் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் இத்தகைய மரணங்கள் 'சமூகக் காரணங்களால் ஏற்பட்ட மரணம்' என்று தனியாகக் குறிக்கப்படலாயின. ஆட்சிப் பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் இந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, எந்தெந்த மாவட்டங்களில், எந்தெந்த ஒன்றியங்களில் இது குவிந்திருக்கிறது என்று கட்டுரைகளாக எழுதினார்கள். அதன் பிறகு 'எங்கள் ஊரில் அப்படியெல்லாம் இல்லை' என்று யாரும் சொல்ல முடியவில்லை. தருமபுரியில் கலைப்பயணம் என்ற பெயரில் ஊர் ஊராகத் தெருநாடகம் போனது. ஆடியவர்களும் பாடியவர்களும் அந்த மண்ணின் இளைஞர்கள், இளம்பெண்கள்.

பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சேலத்தில் 851, தருமபுரியில் 826 பெண் குழந்தைகள்தான். கொலை கருவறைக்கு இடம் மாறியது. ஸ்கேன் மையங்களைக் கண்காணிக்கக் கோரி வேறொரு இயக்கம் தேவைப்பட்டது. ஆனாலும் மாநில அளவில் வாதாட நினைப்பவர்களுக்கு இந்த நிகழ்வில் கற்க நிறைய இருக்கிறது. பத்திரிகைக் கட்டுரை அரசைக் கூச வைக்கும். அரசின் சொந்தப் பதிவேடு அரசை வாய் திறக்க வைக்கும்.

பின்வாங்கிய கதை

வென்ற கதைகளை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் அன்றே இறந்தன. மாநிலமே பதறியது. இனி ஊசி ஊரில் வேண்டாம், மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடுவோம் என்று அரசு முடிவெடுத்தது. அந்த நேரத்தில் எந்த அரசும் அப்படித்தான் செய்திருக்கும். ஆனால் வாசலுக்கு வந்துகொண்டிருந்த ஊசிக்காகத் தாய் இப்போது வேலையை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து, வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளில் எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் தமிழ்நாட்டில் 2005–06இல் 80.9 சதவீதம்; 2015–16இல் 69.7. இந்த ஓர் ஆணைதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. பிற்பாடு ஊசி ஊர்களுக்குத் திரும்பியது. 2019–21இல் விகிதம் 89.2. இந்தியாவிலேயே முன்னணியில் இருந்த ஒரு மாநிலம் ஆண்டுக்கணக்கில் சறுக்கியதைப் பற்றிச் சட்டமன்றத்திலோ ஊடகத்திலோ பெரிய விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. நான்கு மரணங்களைக் கண்டு பதறினோம். பல ஆயிரம் குழந்தைகள் ஊசியில்லாமல் போனதைக் கண்டு யாரும் பதறவில்லை.

மகப்பேறு உதவியின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987இல் தொடங்கியபோது 300 ரூபாய். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000. ஒரு முறைசாராத் தொழிலாளி பிள்ளை பெற்று வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு ஈடு என்று பார்த்தால் இது இன்னும் போதாது. ஆனாலும் டெல்லி யோசிக்கத் தொடங்கும் முன்பே இங்கே இருந்தது. குறைகள் இரண்டு. தவணைகள் நேரத்துக்கு வருவதில்லை என்ற புகார் ஓய்ந்தபாடில்லை. பிள்ளைக்கு ஒரு வயதான பிறகு வரும் பணம் பாலூட்டும் தாயின் பசியைத் தீர்க்காது. இரண்டாவது, முதல் இரண்டு பிள்ளைக்கு மட்டும், பத்தொன்பது வயது நிரம்பிய தாய்க்கு மட்டும் என்ற வரம்பு. மூன்றாவதாகப் பிறந்த குழந்தையும் பதினெட்டு வயதுத் தாயின் குழந்தையும்தான் அதிக ஆபத்தில் இருப்பவை. அவர்களைத்தான் விதி வெளியே நிறுத்துகிறது. குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் பழைய கணக்கு குழந்தை நலத் திட்டத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி வெளியே அனுப்ப ஓர் அரசாணை போதும்.

இப்போது எங்கே நிற்கிறோம்

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 1971இல் தமிழ்நாட்டில் 113. 2020இல் 13. அதே ஆண்டு இந்தியச் சராசரி 28; கேரளம் 6. பிரசவங்களில் கிட்டத்தட்ட அனைத்தும் மருத்துவமனையில் நடக்கின்றன. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள், மாவட்ட மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள், ஒவ்வொரு தாய் மரணத்தையும் உட்கார்ந்து ஆராயும் வழக்கம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின் மற்றப் பக்கத்தைப் புரட்டினால், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. நான்கைந்து ஆண்டுக்கு முன் அது 50.7 ஆக இருந்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் 55 சதவீதம்தான். பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை. குழந்தை சாகாமல் காக்கத் தெரிந்த அமைப்புக்கு அதை வளர்த்தெடுக்கத் தெரியவில்லை. காரணம் நாம் முன்பே பார்த்ததுதான்: பிரசவ அறைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் உள்ள ஆண்டுகள் அரசியலின் கண்ணில் படுவதில்லை. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை அளந்து கடும் ஊட்டக் குறைவுள்ளவர்களைத் தனியே கவனிக்க 2022இல் உதகையில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இந்த இடைவெளியை அரசு உணர்ந்திருப்பதைக் காட்டுகிறது. அது தொடர்கிறதா, தேய்கிறதா என்று வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

எதைக் கேட்பது? என் பட்டியலில் முதலிடம் அங்கன்வாடிக்கு இன்னொரு ஆள். மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள். ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். முன்பருவக் கல்வி, சமையல், சத்துமாவு, எடை, கைபேசிச் செயலியில் பதிவு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் வீட்டுக்குப் போய் வர இவர்களில் யாருக்கு நேரமிருக்கிறது? அந்த ஒரு வேலைக்கென்று தனியாக ஒரு பெண்ணை அமர்த்தச் சொல்வது புதிய யோசனையும் அல்ல. கொட்டாம்பட்டியில் 1980இலேயே செய்து பார்த்தது. அடுத்தது பகல்நேரக் காப்பகம். அங்கன்வாடி தந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு 1970களின் தொடக்கத்தில் அறிக்கை எழுதி வழிகாட்டியவர் மீனா சுவாமிநாதன். தாய் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்பதைப் பிறகும் அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னலாடை நிறுவனத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகிற தாய்மாருக்கு அந்தக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. சூளைப் பிள்ளைகள் ஆறு மாதம் ஒரு மாவட்டம், ஆறு மாதம் வேறு மாவட்டம் என்று இருப்பதால் எந்தப் பதிவேட்டிலும் சரியாக ஏறுவதில்லை. சத்துணவு அமைப்பாளர், சமையலர், அங்கன்வாடி ஊழியர் கேட்கும் காலமுறை ஊதியமும் குழந்தை நலக் கோரிக்கைதான். அதைத் தொழிற்சங்க விவகாரம் என்று ஒதுக்கி வைப்பது நம் வாதத்தையே பலவீனமாக்கும்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். அரசைப் பொறுத்தவரை ஒரே குழந்தை பல துறைகளில் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது: ஊசியும் மருந்துக் கட்டுப்பாடும் மக்கள் நல்வாழ்வுத் துறை, அங்கன்வாடியும் உணவும் சமூக நலத் துறை, பள்ளி வேறு, குடிநீரும் கழிப்பறையும் வேறு. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைக்கும். இணையத்தில் கிடைக்கும், தமிழிலேயே இருக்கும், யாரும் படிப்பதில்லை. போன ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் காணாமல் போன திட்டங்கள் அங்கேதான் தெரியும். எதிர்க்கட்சி உறுப்பினருக்கு ஒரு வெட்டுத் தீர்மானத்துக்கும், ஆளுங்கட்சி உறுப்பினருக்குத் தொகுதிக் கேள்விக்கும் அந்த ஒப்பீடு போதும். இரண்டு பேரிடமும் கொடுக்க வேண்டும்.

மருத்துவர் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் செய்யட்டும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் ஊர் அங்கன்வாடியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, போன மாதம் எடை பார்த்தது எத்தனை, ஊழியர் இடம் எவ்வளவு காலமாகக் காலி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரைப் பக்கத்தில் அடங்கும். அதை உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். துறைகள் அடுத்த ஆண்டுக்கான செலவு மதிப்பீட்டைத் தயாரிக்கும் முன்பே, தீபாவளியை ஒட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. நிதிநிலை அறிக்கை வாசித்து முடித்த பிறகு வரும் மனு, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அடுத்த ஆண்டுக் கோப்பில்தான் சேரும்.